‘உண்டு’ என்பதற்குப் பிறகு

ஒருவர் கிறிஸ்தவராக மாறினார் என்று கேள்விப்பட்டதும், ஊரில் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். காதல் கல்யாணம். அல்லது பள்ளிக்கூடச் சீட்டோ பண உதவியோ. இரண்டும் இல்லையென்றால் யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள். யோசித்து யோசித்தே ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்றால் யாரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டிலும் நம்பவில்லை.

எங்களுக்குத் திருவிடந்தை. கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு முன்னால் மாலை கட்டி விற்கிற குடும்பம். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே வந்து மாலை வாங்கிப் பெருமாளுக்குச் சாத்தி, திருப்பித் தந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக அதே மாலையோடு திரும்பி வருவார்கள். அந்த மாலைகளை விற்ற காசில்தான் என் அப்பா என்னைத் தத்துவம் படிக்க வைத்தார். சென்னையில் ஒரு கல்லூரியில் அதையே நடத்தி ஓய்வு பெற்றேன். கடை இப்போது தம்பியிடம் இருக்கிறது.

தம்பியின் மகன் ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கல்லூரியில் பெரியாரைப் படித்துச் சாமி கும்பிடுவதை விட்டான். பிறகு, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், கடவுள் இருக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தான். அதற்கும் பிறகு தாம்பரம் பக்கத்தில் ஒரு சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். தம்பி என்னிடம் வந்து, “நம்ம பெருமாள்கிட்ட என்ன குறைச்சலாம் அவனுக்கு? நீ படிச்சவ, கேட்டுச் சொல்லுக்கா” என்றான். அவனுக்குப் பதில் சொல்வதற்காக நான் படித்ததும், பையனிடம் பேசியதும்தான் இந்தக் கட்டுரை. நான் இன்றும் பெருமாளைச் சேவிக்கிறவள். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தர்க்கம் எதுவரை போகும்?

கடவுள் உண்டு என்று அறிவால் நிறுவும் முயற்சி நம் நாட்டில் மிகப் பழையது. பானை இருந்தால் குயவன் இருப்பான். உலகமும் செய்யப்பட்ட பொருள் போலிருக்கிறது. ஆகவே அதைச் செய்தவன் ஒருவன் உண்டு. நியாய மரபின் வாதம் இது. உதயணர் ‘நியாய குசுமாஞ்சலி’ என்று ஒரு முழு நூலையே இதற்காக எழுதினார். தமிழில் மெய்கண்டாரின் சிவஞானபோதம், முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்திலிருந்து தொடங்கி அதை நடத்துபவனை நோக்கி வாதத்தை நகர்த்துகிறது. ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் ஐந்து வழிகளில் இதையே செய்தார். இயங்குவதெல்லாம் இன்னொன்றால் இயக்கப்படுகிறது, அந்தச் சங்கிலிக்கு ஒரு முதல் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

எங்கள் பையனைப் பிடித்தது வேறொரு வாதம். “உலகத்தை யார் பண்ணாங்கங்கிறது எனக்குப் பெரிய கேள்வியா இல்ல அத்தை. ஆனா ஒரு குழந்தையை அடிக்கிறது தப்பு. யாரும் பார்க்கலைன்னாலும் தப்பு, ஊரே சரின்னு சொன்னாலும் தப்பு. இந்தத் தப்பு எங்க எழுதி வச்சிருக்கு?” என்றான். நியாயம் என்பது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு மட்டும் என்றால், அதை மீறுகிறவனிடம் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்றுதான் சொல்ல முடியும், ‘அது தவறு’ என்று சொல்ல முடியாது என்பது அவன் கட்சி. வகுப்பில் இதற்கு நான் மறுப்புகள் நடத்தியிருக்கிறேன். நாத்திகர்களும் நியாயத்துக்கு வேறு அடித்தளம் காட்டியிருக்கிறார்கள். அவனையோ அந்த மறுப்புகள் திருப்தி செய்யவில்லை.

இப்படி வந்து சேர்கிற கடவுள் ஒரு முடிவுரை மாதிரி இருப்பார். முதற்காரணம், பேரறிவு, அறத்தின் ஊற்று என்று அவரை அழைக்கலாம். கூப்பிட்டுப் பேச முடியாது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மொழியில் சொன்னால், தரகர் கையில் வரனின் விவரம் இருக்கிறது. படிப்பு, சம்பளம், உயரம் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் இன்னும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பையனும் கொஞ்ச காலம் அங்கேயே நின்றான். “இருக்கார்னு ஒத்துக்கிட்டேன். அவர்கிட்ட என்ன பேசுறதுன்னுதான் தெரியல” என்பான்.

கணித மேதை பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவு தனக்கு நேர்ந்த ஒரு அனுபவத்தைத் துண்டுத் தாளில் எழுதித் தன் மேலங்கியில் வைத்துத் தைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. தத்துவவாதிகளின் கடவுள் வேறு, ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் அறிந்த கடவுள் வேறு என்று அதில் பிரித்து எழுதியிருந்தார். பையன் மாட்டிக்கொண்டிருந்ததும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

ராமானுஜர் சொன்ன மறுப்பு

இந்தப் பிரிவினை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை நேரடியாக எடுத்துக்கொள்கிறார். குயவன்-பானை வாதத்தால் ஈசுவரனை நிறுவ முடியாது என்கிறார். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே ஆளால் செய்யப்பட்டது என்று எதை வைத்துச் சொல்வது? பலர் சேர்ந்து செய்திருக்கலாமே? நாம் பார்த்த செய்வோர் எல்லாருக்கும் உடம்பும் குறைவான சக்தியும்தானே இருக்கின்றன? அனுமானம் கொண்டு எல்லையற்ற ஒருவனிடம் போய்ச் சேர முடியாது, சாஸ்திரமே பிரமாணம். அவனே தன்னைக் காட்டினாலன்றி அவனை அறிய முடியாது என்பது இதன் சாரம்.

அதனால்தான் ஆழ்வார்கள் கடவுள் உண்டா என்று வாதாடவில்லை. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் எங்கள் ஊர்ப் பெருமாளைப் பாடும் பதிகம் ஒரு தாயின் பேச்சாக வருகிறது. என் பெண் உன் நினைப்பில் உருகிப்போனாள், இவளை என்ன செய்வதாக உத்தேசம் என்று தாய் பெருமாளிடம் கணக்குக் கேட்கிறாள். முதற்காரணத்திடம் இப்படிச் சண்டைக்குப் போக முடியாது. பெயரும் ஊரும் முகமும் உள்ள ஒருவனிடம்தான் முடியும். எங்கள் உற்சவர் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு மறு இருக்கிறது. தம்பிக்குப் பெருமாள் என்றால் அந்தப் பொட்டும் சேர்த்துத்தான்.

கோவளத்திலும் அப்படித்தான். அங்கே 1808-இல் ஜான் டிமான்டி என்ற வணிகர் கட்டிய கார்மேல் மாதா கோயில் இருக்கிறது. கடலுக்குப் போகுமுன் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் யாரும் அக்வினாஸின் ஐந்து வழிகளைக் கடந்து வந்தவர்கள் இல்லை. பக்தி பெரும்பாலும் பிறந்த வீட்டோடு வருவது. ‘உண்டு’ என்ற முடிவுக்குத் தனியாக யோசித்து வந்து, அதற்குப் பிறகு ஒரு முகத்தைத் தேடுகிறவர்கள்தான் அரிது. அப்படிப்பட்டவர்களில் சிலர் கிறிஸ்துவிடம் போய் நின்றிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நன்றாகப் பதிவான பெயர் சக்கரைச் செட்டியார்.

சட்டம் படித்த சக்கரை

வி. சக்கரை 1880-இல் செட்டியார் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தார். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-இல்தான் செங்கல்பட்டு ஜில்லாத் தாம்பரத்துக்கு வந்தது. முதல்வர் வில்லியம் மில்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கல்லூரியை நடத்தியவர். மாணவர்களை மதம் மாற்றுவதைவிட, கிறிஸ்தவச் சிந்தனை இந்தியச் சமூகத்தில் மெல்லப் பரவுவதே கல்லூரியின் பணி என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதற்காக அவருடைய சபைக்காரர்களே அவரைக் குறை சொன்னார்கள். மாற்றத் துடிக்காத அந்த ஆசிரியரின் மாணவரான சக்கரை 1903-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

பிறகு வக்கீலானார், டேனிஷ் மிஷனில் பணி செய்தார், விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். சென்னையின் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவரானார். 1941-இல் மாநகர மேயர், பின்னாளில் ஏ.ஐ.டி.யு.சி. தலைவர். மதம் மாறியதால் நாட்டை விட்டுப் போனவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை, 1958-இல் இறக்கும்வரை சக்கரைச் செட்டியார்தான்.

அவர் இறையியலில் முக்கியமான இடம் இதுதான். கடவுளைப் பற்றி முதலில் ஒரு கருத்தை உருவாக்கிக்கொண்டு, அதற்குள் இயேசுவைப் பொருத்தக் கூடாது என்றார். அறிவுக்கு எட்டாத அவ்வியக்தமான கடவுள் இயேசுவில் முகம் காட்டினார். ஆகவே இயேசுவிலிருந்து தொடங்கிக் கடவுளிடம் போக வேண்டும். தத்துவ வகுப்பில் கற்ற பாதையை அவர் அப்படியே திருப்பிப் போட்டார். இயேசுவை அவதாரம் என்று அழைத்து 1920-களில் ஒரு நூலே எழுதினார். மற்ற அவதாரங்கள் வந்த காரியம் முடிந்ததும் போய்விடுகின்றன. இயேசு மனிதராகவே நிலைத்திருக்கிறார் என்பது அவர் காட்டிய வித்தியாசம். எங்கள் பக்கத்தில் இதற்குப் பதில் உண்டு. பெருமாளின் ஐந்து நிலைகளில் ஒன்றான அர்ச்சாவதாரம், கோயிலில் நிற்கும் அந்தத் திருமேனி, போவதே இல்லை. இந்த விவாதம் நடந்தால் நான் உட்கார்ந்து கேட்பேன். முடிவுக்கு வரும் என்று எதிர்பார்க்க மாட்டேன்.

1932-இல் வந்த அவருடைய இன்னொரு நூல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றியது. தன்னைக் கடவுள் கைவிட்டாரே என்று சிலுவையில் இயேசு கதறிய அந்த ஒரு வாக்கியத்தில் சக்கரையின் எண்ணம் போய் நிற்கிறது. இயேசு தன்னை முற்றிலும் வெறுமையாக்கிக்கொண்ட இடம், கடவுளே இல்லாத சூனியத்துக்குள் போன இடம் என்று அதை அவர் படித்தார். முதற்காரணம் கதறாது. கடவுள் தன் பக்கத்திலிருந்து மனிதத் துன்பத்துக்குள் இறங்குகிறார் என்ற சொல் தத்துவத்தில் கிடைக்காது. யாராவது வந்து சொல்ல வேண்டும், கேட்பவர் அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே கூடியது. ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர், கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் மற்றச் சமயங்களுக்கும் தொடர்ச்சி கிடையாது என்று அழுத்திச் சொல்லும் நூலை அதற்காக எழுதியிருந்தார். சக்கரையும் பி. செஞ்சையாவும் அவர்களுடைய நண்பர்களும் அதே ஆண்டில் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்று வாதாடினார்கள். மதம் மாறியவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடவில்லை என்பதற்கு அந்த நூல் சாட்சி.

கம்பனிலிருந்து ஒருவர்

தத்துவம் வழியாக இல்லாமல் பக்தி வழியாகப் போனவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். கம்பனில் ஊறியவர். 1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். நண்பர்களின் பேச்சு, தமிழில் வந்த கிறிஸ்தவ நூல்கள், நெடுநாள் மனப்போராட்டம் என்று போய், 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். ‘கிருஷ்ண’ போகவில்லை. ஜான் பனியனின் மோட்சப் பயண நூலைத் தழுவி அவர் எழுதிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் அச்சேறியது. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

சக்கரைக்கு முன்னால் இருந்தது முகமற்ற கடவுள். கிருஷ்ணப்பிள்ளைக்கு ஏற்கெனவே முகமுள்ள கடவுள். இருவரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள். ஆகவே, கிறிஸ்தவம் என்பது தர்க்கத்தின் கடைசிப் படி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அக்வினாஸே அப்படிச் சொல்லவில்லை. கடவுள் உண்டு என்பது அறிவுக்கு எட்டும். திரித்துவமும் மனித அவதாரமும் வெளிப்பாட்டால் மட்டுமே தெரியும் என்று கோடு போட்டுப் பிரித்தார்.

ஒரே வகுப்பு, வேறு வாசல்

அதே கிறிஸ்தவக் கல்லூரியில், அதே தத்துவத் துறையில், சக்கரைக்குச் சில ஆண்டுகள் பின்னால் படித்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பாதிரிமார் இந்து மதத்தின் மேல் வைத்த விமர்சனம் அவரைக் குத்தியது. அதற்குப் பதில் தேடப் போய் 1908-இல் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். அதை வழிநடத்திய ஏ.ஜி. ஹாக் கிறிஸ்தவ இறையியலாளர். மாணவர் வேதாந்தியாகவே இருந்தார், ஆசிரியர் அவரை மதித்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கினார். அந்தப் புத்தகத்தை அவரைப்போல் வரிவரியாக அறிந்த தமிழர் அன்று குறைவு. அவர் சைவத்துக்குக் கோட்டை கட்டினார்.

வெளியுலகிலும் இப்படியே. ஆக்ஸ்போர்டில் இலக்கியம் நடத்திய சி.எஸ். லூயிஸ் நாத்திகராக இருந்து, கடவுள் உண்டு என்று வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டது 1929 என்று தன் வரலாற்றில் எழுதுகிறார். கிறிஸ்தவரானது 1931-இல். இரண்டுக்கும் நடுவில் இருந்த தடை தர்க்கம் அல்ல, கதை. இறந்து உயிர்க்கும் தெய்வத்தின் புராணங்கள் அவருக்குப் பிடிக்கும். அதே கதை பைபிளில் வந்தால் ஒட்டவில்லை. 1931 செப்டம்பரில் ஓர் இரவு நண்பர் டோல்கீன், அந்தக் கதை உண்மையிலேயே நடந்தது என்பதுதான் வித்தியாசம் என்று நெடுநேரம் பேசினார். சில நாள் கழித்து, அண்ணனின் மோட்டார் சைக்கிள் சைடு காரில் உட்கார்ந்து விலங்குக் காட்சிச்சாலைக்குப் போகிற வழியில் லூயிஸ் கிறிஸ்துவை நம்பத் தொடங்கினார். வழியில் பெரிதாக எதையும் யோசித்துக்கொண்டு வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொருவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ. அரை நூற்றாண்டு நாத்திகம் பேசியவர். 2004-இல், பேரறிவு ஒன்று உண்டு என்று ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார். அங்கேயே நின்றார். எந்த மதத்துக்கும் போகாமல் 2010-இல் இறந்தார். ‘உண்டு’ வரை வந்த எல்லாரும் அடுத்த படிக்குப் போவதில்லை, போகிறவர்கள் எல்லாரும் ஒரே வாசலுக்குப் போவதுமில்லை.

பையன் சொன்ன பதில்

அவன் எப்படிப் போனான் என்று கேட்டேன். “நியாயம்னு ஒண்ணு இருக்குன்னு வச்சுத்தானே கடவுள் இருக்கார்னு முடிவு பண்ணேன். அதே நியாயத்தை வச்சு என்னைப் பார்த்தா நான் தப்பிக்க முடியாது அத்தை. நான் பண்ணது எனக்குத் தெரியும்.” என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. அறத்தின் ஊற்றாக மட்டும் ஒரு கடவுள் இருந்தால் அது பயங்கரம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தச் சமயத்தில் மாற்கு எழுதிய சுவிசேஷத்தைப் படித்திருக்கிறான். “கடவுளே கைவிட்டுட்டார்னு கத்துற ஒருத்தர்கிட்ட என்னைப் பத்திப் பேசலாம்னு தோணுச்சு.” சக்கரையை அவன் படித்ததில்லை.

நான் விடவில்லை. “சரணாகதி நம்மகிட்ட இல்லையாடா? இங்க நிக்கிறவர் ஆதிவராகர். நல்லா இருக்கும்போது என்னை நினைச்சவன், சாகுற நேரத்துல கட்டை மாதிரி கல்லு மாதிரி கிடந்தாலும், நான் அவனை நினைச்சுப்பேன்னு வராக சரம ஸ்லோகத்துல வாக்குக் குடுத்தவர். அவர் உன்னை மன்னிக்க மாட்டாரா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “அது எனக்கு ரொம்பப் பிடிக்கும் அத்தை. பாட்டி சொல்லியிருக்காங்க. ஆனா நான் கேட்டது இன்னொண்ணு. இது எப்ப நடந்துச்சு? யார் பார்த்தாங்க? பிலாத்துங்கிற ரோமானிய அதிகாரி காலத்துல, எருசலேம்ல ஒருத்தரைச் சிலுவையில் அறைஞ்சாங்கன்னா அது நடந்துச்சா இல்லையான்னு விசாரிக்கலாம். பொய்யா இருந்தா விட்டுடலாம்.”

இதுதான் எங்கள் இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் என்று அப்போது புரிந்தது. பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணம் அவர் பெயரைச் சொல்லித்தான் சிலுவைப்பாட்டைச் சொல்கிறது. சிலுவை மரணத்தைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். உயிர்த்தெழுதல் நம்பிக்கையின் விஷயம். வராகர் பூமிப்பிராட்டியை எடுத்தது எந்த ஆண்டு என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. எனக்கு அவர் இன்று காலை கோயிலில் நின்றார், அது போதும். தேதி போட்ட கடவுள் அவனுக்கு வேண்டியிருந்தது. இதில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல என் தத்துவப் படிப்பில் ஓர் அளவுகோல் இல்லை.

தம்பியிடம் இதையே சொன்னேன். பெருமாளிடம் குறை எதுவும் இல்லை. அவன் கேட்ட கேள்வி வேறு. தம்பிக்குத் திருப்தி இல்லை. ஆனால் பையன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போடுகிறார்கள்.

நியாயம் கேட்டு மாறியவர்கள்

இந்த யோசனைப் பாதை மிகச் சிறுபான்மையினரின் பாதை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களானவர்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பமாக, ஊராகப் போனவர்கள். பலருக்கு அது மானத்தின் கேள்வி. எங்கள் மாவட்டமே இதற்குச் சாட்சி. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர், இங்கே பறையர் மக்கள் நிலமின்றி, மனை உரிமையின்றி வாழ்ந்த நிலையை அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு பிறந்த பஞ்சமி நிலத் திட்டத்துக்கு அதுவே தூண்டுதல். அதே காலத்தில் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார் சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மெல்ரோசாபுரத்தில் அவர்களுக்காக விவசாயக் குடியிருப்பு அமைத்தார். நிலத்துக்காக மாறினார்கள் என்று அவர்களைக் கேலி செய்கிறவர்கள், நிலம் ஏன் அவர்களிடம் இல்லாமல் போனது என்று கேட்பதில்லை. தத்துவம் பேசி மாறியவர் உசத்தி, மானத்துக்காக மாறியவர் மட்டம் என்ற கணக்கு எனக்கு ஏற்பில்லை. பையனின் கேள்வியும் நியாயத்திலிருந்துதான் தொடங்கியது.

வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மனச்சாட்சிப்படி ஒரு மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தருகிறது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்தது, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. மதம் மாறியதால் ஒருவர் பெற்றோர் சொத்தில் தன் பங்கை இழப்பதில்லை. 1850-ஆம் ஆண்டுச் சட்டமே அதை உறுதி செய்துவிட்டது. ஆனால் மாறிய பின் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை ஏற்படும் நேரத்தில் இந்துவாக இல்லையென்றால், இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. திருமணமான இந்து ஒருவர் மதம் மாறினால், துணைவர் அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதி போய்விடும். பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் பையன் பெருமாள் பெயரோடுதான் சபைக்குப் போகிறான்.

சட்டம் தீர்க்காதவை வேறு. உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி வந்து நின்றால், யார் மாற்றினார்கள் என்று விசாரிப்பதற்கு முன் என்ன கேள்வியோடு போனார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சம்மதிக்காமல் இருக்கலாம், நானும் சம்மதிக்கவில்லை. சபைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யோசித்து வந்த பிள்ளையை உடனே மேடையேற்றி, விட்டு வந்த வீட்டைப் பழித்துச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். சக்கரையும் கிருஷ்ணப்பிள்ளையும் தாங்கள் வந்த வழியின் மொழியையும் சிந்தனையையும் கையோடு கொண்டுபோனவர்கள். தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு அவர்களால் கிடைத்த பெருமையில் பாதி, அவர்கள் தூக்கியெறிய மறுத்தவற்றால் வந்தது.